புட்டுப் பார்சலும் பத்தரை மணிப் பனியும்

பனியில் நடக்க வாருங்கள் என்று மூன்று குளிர்காலமாகக் கேட்டு, இந்த ஏப்ரலில்தான் அப்பா சம்மதித்தார். லுட்சேர்னில் செர்ரி பூத்துவிட்டது. மேலே மெல்க்சே-ஃப்ருட் மலையூரில் பனிச்சறுக்குக் காலம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

பனியோடு அப்பாவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1986இல் சுவிசுக்கு வந்தவர், பதினெட்டு வருடம் மலை விடுதிச் சமையலறைகளில் வேலை செய்தார். முதலில் பாத்திரம் கழுவினார், பிறகு காய்கறி வெட்டினார், கடைசியில் அடுப்படிக்கு வந்தார். அவருக்குப் பனி என்றால் பின்கதவுதான். விடிய ஐந்து மணிக்கு அதை வாரி ஒதுக்கினால்தான் குப்பைத் தொட்டி வரை போகலாம். விடுதியின் முன்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால், "பெரிய கண்ணாடி" என்பார், அவ்வளவுதான்.

கடைசிக் காலப் பனிக்கு நேரம் முக்கியம். இரவில் மேல்தோல் உறைந்து இரும்பாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் இரண்டு விரல் ஆழத்துக்கு இளகும். நடக்க அதுதான் சுகமான வேளை. அதையும் தாண்டினால் உள்வரை ஈரமாகிக் கால் புதையும், சரிவுகளில் பனி சரிந்து விழவும் தொடங்கும். டாவோசில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்துக்கு ஐந்து படிநிலைகள். அன்றைக்குக் காலையில் இரண்டு, பிற்பகலில் மூன்று. ஒன்பது மணிக்கு மலைமேல் நின்று, பன்னிரண்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

ஆனால் அப்பா புட்டு அவித்தார். கட்டைச் சம்பல் இடித்தார். வாழையிலை கிடைக்கவில்லை என்று அலுமினியத் தாளைத் திட்டியபடியே சுற்றினார். சார்னனில் நாங்கள் இறங்கியபோது மலையடியில் இருக்கும் ஸ்டொக்கல்புக்குப் போகும் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம்.

ஸ்டொக்கல்ப் 1,080 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி விட்டுப்போன பழுப்புப் புல்லில் வெள்ளையும் ஊதாவுமாகக் குரோக்கஸ் பூத்திருந்தது. அங்கிருந்து கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டி 1,920 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனது. மேலே இறங்கும்போது மணி பத்தரை.

வாடகைக்கு எடுத்த பனிக்காலணிகளை மாட்டிவிட்டேன். பிளாஸ்டிக் தட்டு, அடியில் பற்கள். முன்பாதத்தை வார் பிடித்துக்கொள்ளும், குதிகால் தனியே எழும். அப்பா நாலடி நடந்து, தன் வலது தட்டைத் தன் இடது தட்டாலேயே மிதித்துக்கொண்டு நின்றார்.

"வாத்து மாதிரி நடக்கச் சொல்கிறாய் பிள்ளை."

"கால்களை அகட்டி வையுங்கள் அப்பா. வாத்தேதான்."

இளஞ்சிவப்புக் கம்பங்களை ஒட்டியே போனோம். கம்பத்தை விட்டு விலகக் கூடாது. மரத்தடிகளில் ஒதுங்கியிருக்கும் கருங்கோழிகள் என்ற காட்டுப் பறவைகள் மிரண்டு பறந்தால், குளிரைத் தாங்க வேண்டிய தெம்பு வீணாகிவிடும். வழியில் பெரிய ஏற்றம் இல்லை. எதிரே டிட்லிஸ் பக்கத்து மலைகள் கண் கூசும் வெள்ளையில் நின்றன. காலடிப் பனி மட்டும் வெள்ளையாக இல்லை. சகாராத் தூசி படிந்து, அடி பிடித்த பால் போன்ற நிறம். இந்த உவமை என்னுடையதல்ல. அப்பா குனிந்து ஒரு பிடி அள்ளி, விரலால் உதிர்த்துப் பார்த்தார். "குறுணல் அரிசி. காலையில் வந்திருந்தால் பருத்தித்துறை வடை மாதிரி நொறுங்கியிருக்கும்." யாரால் தாமதம் என்று நான் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு அது குறுணலும் இல்லை, கஞ்சி. கருத்த பாறை ஒன்றைச் சுற்றிப் போகும்போது அப்பாவின் இடதுகால் தொடைவரை இறங்கியது. பாறை வெயிலை வாங்கிச் சூடாகி, பக்கத்துப் பனியை அடியில் கோறையாக்கிவிடும். எனக்கு அது தெரியும், சொல்ல மறந்திருந்தேன். காலணி உள்ளே சிக்கிக்கொண்டது. நான் மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"இப்படி இல்லை. பக்கத்திலிருந்து வெட்டு. நான் எத்தனை வருடம் பனி வாரினேன்!"

அவரே ஊன்றுகோலின் பிடியால் பனியைப் பக்கவாட்டில் கீறி, கட்டி கட்டியாகப் பெயர்த்து, காலை உருவிக்கொண்டார். எனக்குக் கைவிரல்கள் விறைத்துப் போயிருந்தன.

டானல்ப் வரை போகும் திட்டத்தைக் கைவிட்டோம். டானன்சே ஏரிக்கரையில் ஒரு வாங்கில் பனி நீங்கிக் கிடந்தது. அங்கேயே பார்சலைப் பிரித்தோம். சம்பல் மணத்துக்கோ அலுமினியத் தாளின் சத்தத்துக்கோ, மஞ்சள் அலகுக் கரும்பறவைகள் ஐந்தாறு வந்து சுற்றி நின்றன. இவை ஆல்ப்ஸ் மலையின் காக இனம். காட்டு விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா ஒரு பிடி புட்டைப் பனியில் வைத்துவிட்டுத்தான் தன் வாய்க்கு எடுத்தார். வீட்டில் மாடத்து விளிம்பில் தினமும் வைப்பதைப் போலவே.

மூன்று மணிக்கு வீடு திரும்பிவிட்டோம். ஐந்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் அவருடைய அறையிலிருந்து குரல் வந்தது:

"பிள்ளை, நாளைக்கும் காலையில் இரண்டு, பின்னேரம் மூன்று போட்டிருக்கிறார்கள். புட்டை இரவே அவித்து வைக்கலாமா?"