41 கிலோ பாலில் காணாமற்போன 350 கிராம்: ஜாங்கோ 5.2-க்கு மாறிய அனுபவம்

குலசேகரத்தில் மாமா நடத்தும் ரப்பர் பால் கொள்முதல் கடைக்காக நான் ஓய்வுநேரத்தில் எழுதிப் பராமரித்துவரும் கணக்குச் செயலியை, ஒருவழியாக ஜாங்கோ என்ற பைத்தான் வலைச்செயலிச் சட்டகத்தின் 4.2-இலிருந்து 5.2-க்கு மாற்றிவிட்டேன். இரண்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் என்பதால், இடையில் வந்த 5.0, 5.1 ஆகியவற்றின் மாற்றங்களையும் ஒரே மூச்சில் சந்திக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் 5.0-உடன் அறிமுகமான ஜெனரேட்டட் ஃபீல்டு (மற்ற புலங்களிலிருந்து தரவுத்தளமே கணக்கிட்டுக்கொள்ளும் புலம்) ஒன்றுக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். மூன்று இரவுகள் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுவேதான்.

பாலின் எடையை டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் உலர் ரப்பரின் எடை கிடைக்கும். கடையில் பணம் கொடுப்பது அதற்கே. முன்பு இந்தக் கணக்கை, ஒரு வரிசையைச் சேமிக்கும்போது ஓடும் சேவ் மெத்தடுக்குள் எழுதியிருந்தேன். ஆனால் மெட்ரோலாக் என்ற அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்க்கும் டி.ஆர்.சி. உத்தேசமானதுதான், மாதிரியை உறையவைத்து, உலர்த்தி, எடைபார்த்த சரியான எண் சில நாள் கழித்தே கைக்கு வரும். அப்போது பல வரிசைகளைப் பல்க் அப்டேட் மூலம் ஒன்றாகத் திருத்துவேன். அது சேவ் மெத்தடை அழைப்பதில்லை என்பதால் உலர் எடை பழையபடியே நிற்கும், நான் மறுகணக்குக் கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும். தரவுத்தளமே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் ஒரு புலம் இந்தத் தொல்லையை அடியோடு ஒழித்துவிடும் என்று நம்பினேன்.

நம்பிக்கை வீண்போகவில்லை என்றே முதலில் தோன்றியது. மதிப்பைச் சேமித்தே வைக்கும்படி டிபி பெர்சிஸ்ட் என்பதற்கு ட்ரூ கொடுத்தேன். இருக்கும் அட்டவணையில் அத்தகைய புலத்தைச் சேர்க்க, கடையின் தரவுத்தளமான எஸ்கியூலைட் அனுமதிக்காது. ஆகவே ஜாங்கோ புதிய அட்டவணை ஒன்றை உருவாக்கி, தரவுகளை அதில் நகலெடுத்து, பழையதை நீக்கிவிடுகிறது. முன்கூட்டியே நகல் எடுத்து வைத்திருந்ததால் பதற்றமின்றி வேடிக்கை பார்த்தேன். எல்லாச் சோதனைகளும் தேறின.

ஒன்பதாம் நாள், அருமனையிலிருந்து பால் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் சீட்டை நீட்டி, "41 கிலோவுக்கு 35 போட்டா 14.35 வரணும், இதுல வெறும் 14 இருக்கே" என்று கேட்டிருக்கிறார். அவர் மனக்கணக்குதான் சரி. அடுத்த வரியில் 41.5 கிலோ கொடுத்தவருக்குக் கணக்கு பிசகாமல் வந்திருந்ததுதான் என்னைக் குழப்பியது.

காரணம் எஸ்கியூலைட்டின் எண் வகையில் இருந்தது. புள்ளி எண்களுக்கான டெசிமல் ஃபீல்டு என்று நாம் எழுதினாலும், 41.00 என்ற மதிப்பு இழப்பின்றி முழு எண்ணாக மாறக்கூடியது என்பதால் எஸ்கியூலைட் அதை 41 என்றே சேமிக்கிறது. எடை, சதவீதம் இரண்டும் முழு எண்களாக அமைந்துவிட்டால், 1435-ஐ 100-ஆல் வகுப்பது முழு எண் வகுத்தலாகி, புள்ளிக்குப் பின்னுள்ளது உதிர்ந்துவிடுகிறது. ஏதேனும் ஒன்றில் பின்னம் இருந்தால் சரியான விடை வருகிறது. என் சோதனைகளிலோ, யதார்த்தமாக இருக்கட்டும் என்று 41.5, 36.2 போன்ற எண்களையே கொடுத்திருந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த கூலி இது. பழைய சேவ் மெத்தடில் பைத்தானே வகுத்ததால் இப்பிழை தலைகாட்டியதில்லை. நூறால் வகுப்பதற்குப் பதிலாக டெசிமல் வகையிலான 0.01-ஆல் பெருக்கும்படி புலத்தின் கணக்குக் கோவையை மாற்றினேன்.

அந்த மாற்றத்தையும் ஜாங்கோ எளிதில் ஏற்கவில்லை. ஜெனரேட்டட் ஃபீல்டின் கோவையைத் திருத்தி மைக்ரேஷன் (அட்டவணையின் அமைப்பை மாற்றும் நிரல்) ஓட்டினால், திருத்தம் ஆதரிக்கப்படவில்லை, புலத்தை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கவும் என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. புலத்தை நீக்க ஒரு மைக்ரேஷன், மீண்டும் சேர்க்க இன்னொன்று என இரண்டாகப் பிரித்தேன். மதிப்பு முழுவதும் வேறு புலங்களிலிருந்து விளைவது என்பதால் தரவு எதுவும் போகவில்லை.

எல்லாம் முடிந்தது என்று படுக்கப் போகும்போது மாமாவின் அழைப்பு வந்தது: "மக்களே, எடையைத் திருத்திட்டேன், ரப்பர் கணக்கு மட்டும் பழசாவே நிக்குது." தரவுத்தளத்தில் சரியாகத்தான் இருந்தது. 5.2-இல் ஏற்கெனவே உள்ள வரிசையைத் திருத்திச் சேமிக்கும்போது, கணினி நினைவகத்தில் அந்த வரிசைக்காக இருக்கும் பொருளில் (ஆப்ஜெக்டில்) ஜெனரேட்டட் ஃபீல்டின் பழைய மதிப்பே தங்கிவிடுகிறது. சீட்டு அச்சாவது அந்தப் பொருளிலிருந்து. சேமித்தவுடன், தரவுத்தளத்திலிருந்து மதிப்புகளை மீண்டும் படிக்கும் ரெஃப்ரெஷ் ஃப்ரம் டிபி என்பதை அழைத்ததும் சரியாயிற்று. 6.0-இல் எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் ஆகியவற்றுக்கு இது தானாகவே நடக்கிறது. ஆனால் அடுத்த நீண்டகாலப் பதிப்பு வரும்வரை அந்தப் பக்கம் போவதாக இல்லை.

மற்றவை சில்லறை வேலைகள். வெளியேறும் சுட்டி 405 பிழை காட்டியது, 5.0 முதல் போஸ்ட் கோரிக்கையால் மட்டுமே வெளியேற முடியும் என்பதால் அதைப் படிவப் பொத்தானாக்கினேன். நாகர்கோவிலில் வாங்கிய பழைய சிறுகணினியில் விற்றவர் பைத்தான் 3.8 உள்ள இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார், 5.0 முதல் 3.10-ஆவது வேண்டும் என்பதால் அதையும் புதிதாக நிறுவ நேர்ந்தது. கட்டளைகளை நேரடியாக ஓட்டிப்பார்க்கும் ஷெல்லைத் திறந்தவுடன் மாடல்கள் (அட்டவணை வரையறைகள்) அனைத்தும் தாமாகவே ஏற்றப்படுவது மட்டும் எந்தக் குறையும் சொல்ல முடியாத சுகம்.

5.2-இன் கூட்டு முதன்மைச் சாவியைப் பயன்படுத்தி, விற்பவர் எண்ணையும் தேதியையும் சேர்த்தே சாவியாக்கும் ஆசை இருந்தது. அத்தகைய மாடலை அட்மினில் (ஜாங்கோவின் நிர்வாகப் பக்கத்தில்) பதிவுசெய்ய முடியாது, வேறொரு அட்டவணையின் ஃபாரின் கீயும் (இணைப்புச் சாவியும்) அதைச் சுட்ட முடியாது; மாமாவுக்கு அட்மின்தான் உலகம் என்பதால் அதைத் தள்ளிவைத்துவிட்டேன்.

முழு கிலோவும் முழுச் சதவீதமும் ஒன்றாக விழுந்த வரிகளை அந்த ஒன்பது நாள் கணக்கிலிருந்து பொறுக்கி, விடுபட்ட கிராம்களைப் பெயர்வாரியாகக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். மாமா அவற்றை அடுத்தடுத்த சீட்டுகளில் சேர்த்துக் கொடுத்துவருகிறார். அருமனைப் பெரியவரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை.