லம்பா தாஹினே, சோட்டா பாயே

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் சங்க மலருக்கு எதாச்சும் எழுதுங்கண்ணேன்னு செயலாளர் தம்பி போன் போட்டப்ப ரொம்ப யோசிக்கல, நம்ம ஸ்கூல் என்சிசி, அதான் தேசிய மாணவர் படை, அதப் பத்தி எழுதறேன்னுட்டேன். பத்தாங்கிளாஸ்ல படிச்ச கணக்கு சுத்தமா போயிடுச்சு, ஆனா யாராச்சும் "தாஹினே முட்"னு கத்துனா இந்த வயசுலயும் உடம்பு தானா வலது பக்கம் திரும்பிடுது. 1968லயே அண்ணா ஆட்சியில இந்த இந்தி ஆணையெல்லாம் என்சிசியில வேணாம்னு சட்டசபையில தீர்மானம் போட்டாங்க, ஆனா நாங்க எண்பதுகள்ல சேந்தப்பவும் அட்டென்ஷனுக்கு சாவ்தான், ஸ்டேண்ட் அட் ஈஸுக்கு விஷ்ராம்தான். இங்க சிங்கப்பூர்ல என் பையன் பரேட்ல அந்த சாவ்தானுக்கு மலாய்ல "செடியா"ங்கறான், சரி அது வேற கதை.

ஏன் சேந்தோம்? பூரி கிழங்குக்கு. பரேட் முடிஞ்சதும் வாழ இலையில வச்சு பேப்பர்ல மடிச்சு குடுப்பாங்க பாருங்க, அதுக்காகத்தான் பாதி பேரு வந்தது. நாட்டுப்பற்று எல்லாம் அப்பறமா வந்துச்சு, சில பேருக்கு வந்துச்சான்னே டவுட்டு. யூனிபாரம் சும்மா குடுப்பாங்க ஆனா சைஸ் கேக்கக்கூடாது, ஆறாம் நம்பர் காலுக்கு ஒம்பதாம் நம்பர் பூட்ஸ், உள்ள பழைய தினத்தந்திய சுருட்டி திணிச்சுக்கிட்டு மார்ச் பண்ணுவோம். வெள்ளிக்கிழம ராத்திரி பூரா சட்டைக்கு கஞ்சி போட்டு பக்கிளுக்கு பிராசோ தேச்சு தொப்பிய தண்ணில நனைச்சு ஒரு பக்கமா சாச்சு காய வைக்கறதுன்னே போயிடும், அம்மா திட்டுவாங்க, புஸ்தகத்த என்னிக்காச்சும் இப்பிடித் தொட்டிருக்கியாடான்னு.

மேப் ரீடிங் கிளாஸ்தான் பெரிய கூத்து. நம்ம டெல்டாவுல மேடுன்னா வெண்ணாத்தங்கரை, அதுக்கு மேல போனா கோயில் கோபுரம், இதுல எங்களுக்கு மேப்புல ஒரே உயரத்துல இருக்கற எடங்கள சேக்கற கான்டூர் கோடு சொல்லித் தரணும்னா உஸ்தாத், அதான் பயிற்சி குடுக்க வந்த பட்டாளத்துக்காரரு, என்ன பண்ணுவாரு பாவம். ஆத்து மணல ஈரமா அள்ளிட்டு வரச்சொல்லி மலை ஒண்ணு செஞ்சு, கயித்த அது மேல படிப்படியா சுத்தி, கயிறு நெருங்கியிருந்தா சரிவு செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சரிவு கம்மின்னு காட்டினாரு. எங்கள்ல பாதி பேரு அதுவரைக்கும் நெஜ மலைய கண்ணால பாத்ததில்ல. அப்பறம் வயல்ல கொண்டு போய் நிறுத்தி எதிரி எங்க இருக்கான்னு அடையாளம் சொல்லுங்கன்னாரு, ஒருத்தன் "அந்தப் பனமரத்துக்கு இடது பக்கம் உஸ்தாத்"ங்கறான், எந்தப் பனமரம்? சுத்தி எங்க பாத்தாலும் பனமரம்.

ஃபயரிங்க விட்டா கோவிச்சுக்குவீங்க. .22 ரைபிள், குப்புறப் படுத்து மூச்ச அடக்கிட்டு 25 மீட்டர்ல அஞ்சு ரவுண்டு, சுட்ட காலித் தோட்டாவ எண்ணி ஒப்படைக்கணும், ஒண்ணு கொறஞ்சாலும் மொத்தப் பேரும் புல்லுக்குள்ள தவழ்ந்து தேடணும். அவ்ளோதான், அதுக்கு ஊர்ல அடிச்ச பீத்தல்தான் ஜாஸ்தி.

நான் உண்மையில சொல்ல வந்தது கேம்ப்பப் பத்தி. கால் பரீட்சை லீவுல பத்து நாள் கேம்ப், மொத நாளே உஸ்தாத் "லம்பா தாஹினே, சோட்டா பாயே"ன்னு கத்துனாரு, உயரமானவன் வலது பக்கம் குட்டையானவன் இடது பக்கம்னு வரிசையா நின்னோம், அப்பிடியே அந்த வரிசைய வெட்டி வெட்டி டென்ட்டுக்கு அனுப்பிட்டாரு. அவரு வடக்கத்தி ஆளு, எங்கள்ல யாரு மேலத்தெரு யாரு காலனித்தெருன்னு அவருக்கு என்ன தெரியும்? கீழ்வெண்மணியில காலனித்தெரு சனங்கள குடிசையோட எரிச்சு இருவது வருஷம்கூட ஆகாத மண்ணுங்க அது. கிளாஸ்ல ஒண்ணா உக்காந்தாலும் மத்தியானம் சோத்து டப்பாவ தொறக்கறப்ப தன்னால தெருவாரியா பிரிஞ்சு உக்காருவோம், யாரும் சொல்லவேண்டாம். நம்ம வாத்தியார் யாராச்சும் டென்ட் பிரிச்சிருந்தா அதே மாதிரிதான் பிரிச்சிருப்பாரு, கெட்ட எண்ணத்துல இல்ல, பிரச்சன வேணாமேன்னு. உஸ்தாதுக்கு உயரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

அதனால என் டென்ட்ல எங்க ஊர் காலனித்தெரு பையன் ஒருத்தன், மூணு வருஷம் ஒரே கிளாஸ், அவன் வீடு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. மொத ராத்திரி யாருமே பேசல. ரெண்டாம் நாள் மழைல டென்ட்டுக்குள்ள தண்ணி, எல்லாரும் ஒரே தார்ப்பாய்க்கு கீழ ஒண்டினோம், அவன்தான் மம்புட்டி வாங்கிட்டு வந்து சுத்தி வாய்க்கா வெட்டுனான், வரப்பு வெட்டற பழக்கம் போல, நல்லா சரிவு பாத்து வெட்டுனான். அதுக்கப்பறம் தட்டக் கழுவறதுலேருந்து ராத்திரி சென்ட்ரி டியூட்டி வரைக்கும் சேந்துதான். ஊருக்குத் திரும்பி எல்லாம் மாறிடுச்சுன்னு கத விட மாட்டேன். டீக்கடைல தனி கிளாஸ் அப்பிடியேதான் இருந்துச்சு, எங்கம்மா அவன திண்ணையோட நிறுத்துனாங்க. ஆனா நாங்க ரெண்டு பேரும் பேச்ச நிறுத்தல.

அடுத்த வருஷம் கோடியக்கரைக்கு சைக்கிள்ல போனோம், வேதாரண்யத்துல 1930ல ராஜாஜி உப்பு அள்ளுன எடத்துல எறங்கி பாத்துட்டு, ராமர் பாதத்து மேட்டுல ஏறி நின்னு வெளிமான் கூட்டத்த பாத்தோம். அவன் சைக்கிள் கேரியர்ல பாதி தூரம் என் மூட்ட.

போன சங்க மீட்டிங்ல ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கறதா பேச்சு வந்துச்சு. வாங்குங்க, வேணாங்கல. கூடவே இந்த வருஷ கேடட்டுங்கள துறையூர் பக்கம் பச்சமலைக்கு டென்ட் போட கூட்டிட்டுப் போக பஸ் வாடகைக்கும் கால் சைஸ் பாத்து பூட்ஸ் வாங்கறதுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க, என் பங்க டிரஷரர் அண்ணன்கிட்ட குடுத்தாச்சு. புள்ளைங்கள டென்ட்டுக்கு பிரிக்கறப்ப மட்டும் ரிஜிஸ்டர கைல எடுக்காம உயரத்தப் பாத்து பிரிக்கச் சொல்லி இப்ப இருக்கற என்சிசி சார்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிடுங்க.