சூடான கை

"போதும், கையை எடுத்துவிடு. உன் கை சூடாக இருக்கிறது" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. கும்பகோணத்தில் என் கைக்கு அப்படி ஒரு பேர். வீட்டில் விசேஷம் என்றால் பூரிக்கு மாவு பிசைய என்னைத்தான் கூப்பிடுவார்கள். "இவ பிசைஞ்சா பூவாட்டம் வரும்" என்பாள் அத்தை. ஒட்டாவாவுக்கு வந்த முதல் அக்டோபரிலேயே அந்தக் கை மாவுக்கு ஆகாது என்றாகிவிட்டது.

கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் பண்டிகை. ஆப்பிளை மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுடும் ஆப்பிள் பை செய்யச் சொல்லித் தருகிறேன் என்று பாட்டிதான் கூப்பிட்டார். உள்ளே வைக்க மெக்கின்டாஷ் ஆப்பிள். 1811-ல் இதே ஆன்டாரியோவில் ஒருவர் தன் நிலத்தில் கண்டெடுத்த கன்றிலிருந்து பெருகிய ஜாதி. ஆப்பிள் வேலை சுலபம். மேலோடுதான் என்னைப் படுத்தியது.

இரண்டரை கப் மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, 227 கிராம் வெண்ணெய். இங்கே 454 கிராம் கட்டியாக வெண்ணெய் விற்கிறது, அதில் சரிபாதி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு துண்டு போட்டு, விரல் நுனியால் மாவில் உதிர்க்க வேண்டும். பட்டாணி அளவில் வெண்ணெய் அங்கங்கே தெரியும்போதே நிறுத்திவிட்டு, ஐஸ் தண்ணீரை ஆறேழு மேஜைக்கரண்டி தெளித்து, பிடித்தால் பிடிபடும் பதத்தில் விட்டுவிட வேண்டும். பிசைந்தால் மாவு இழுவையாகி, வெந்ததும் ரப்பராகிவிடும். உருகாத அந்த வெண்ணெய்த் துண்டுகள்தான் அடுப்புச் சூட்டில் உருகி, அவற்றிலிருக்கும் ஈரம் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்குகின்றன. நம்மூர் பேணிக்கு நெய்யும் அரிசி மாவும் குழைத்துத் தடவுகிறோமே, கிட்டத்தட்ட அதே சூட்சுமம். எல்லாம் புரிந்தது. ஆனால் விரிசலும் பொடியுமாகக் கிடந்த அந்த மாவை அப்படியே விட்டு வர என் கை ஒப்பவில்லை.

"ஐஸ் தண்ணியா? மாவுக்கு ஜன்னி வந்துடப் போறது" என்று அம்மா போனில் சிரித்தாள்.

இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. மாவைத் தொடும் முன் கையைக் குளிர்ந்த தண்ணீரில் காட்டிவிட்டுத் துடைத்துக்கொள்கிறேன். பழகிவிட்டது. ஆனால் மாவு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டுமே, அந்த நேரம்தான் எனக்கு ஆகாது. அப்போது தீபாவளிக்கு முந்தின நாள் வந்துவிடும். ஈரத்துணி போட்டு மூடிய மைதா, பொட்டுக்கடலை மாவில் சர்க்கரையும் கொப்பரையும் ஏலக்காயும் கலந்த வாசனை, அம்மாவின் சோமாசி. சோமாசிக் கரண்டியை அவள் தொடவே மாட்டாள். கட்டைவிரலால் ஓரத்தை ஒரு மடி, ஒரு அழுத்து, மறுபடி ஒரு மடி. சடை பின்னின மாதிரி வரும்.

அந்த முதல் வருஷம் பாட்டி தன் பையின் ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தார். நான் என்னுடையதை யோசிக்காமல் மடித்துக்கொண்டே போயிருக்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு தன் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார். இன்றுவரை அவர் வீட்டுப் பைக்கும் ஓரம் மடிப்பது நான்தான். அந்த வேலைக்குச் சூடான கையும் சரிதான் என்கிறார்.

இந்த வருஷம் மிஞ்சிய மாவைத் திரட்டி, பொட்டுக்கடலைப் பூரணம் வைத்து நாலு சோமாசி செய்து ஓவனில் வைத்தேன். பொலபொலவென்று நன்றாகவே வந்தது. முதல் கடியில் பூரணம் தொண்டையில் புரையேறிவிட்டது. ஊரில் என்றால் யாராவது உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைச்சுக்கறா" என்பார்கள். நானே தட்டிக்கொண்டு போனை எடுத்தேன். அங்கே அதிகாலை நாலரை மணி. முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.