"பரவாயில்லை" என்று சொல்லிக் கெடுத்துக்கொண்டேன்

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. நண்பரின் காரில் வரும்போது ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் கார் தடுப்பில் மோதி, என் வலது கணுக்கால் நொறுங்கிப்போனது. தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள்.

இழப்பீடு கேட்டு ஒரு வருடம் எதுவும் செய்யவில்லை. நண்பர் மேல் எப்படி வழக்குப் போடுவது? கடைசியில் அவரேதான், "அண்ணே, என் பாக்கெட்டிலிருந்தா போகுது? பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டருக்கு 2 ராண்டுக்கு மேல நாம எல்லாரும் கட்டுறோமே" என்று தள்ளிவிட்டார். உண்மைதான். தென்னாப்பிரிக்காவில் சாலை விபத்து நிதியம் அந்தப் பணத்திலிருந்துதான் இழப்பீடு தருகிறது. 2008 ஆகஸ்டில் சட்டம் மாறியபின், பொதுவாக ஓட்டுநர் மேல் தனியாக வழக்குப் போடவும் முடியாது. ஓட்டுநர் யாரென்று தெரிந்தால் 3 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடியிருந்தால் 2 வருடம்தான்.

மருத்துவச் செலவும் போன சம்பளமும் ஒரு பக்கம். அதற்குச் சீட்டும் சம்பளத் தாளும் போதும். வலிக்கும் வேதனைக்கும் கேட்பதுதான் வேறு கதை. காயம் "கடுமையானது" என்று மருத்துவர் தனிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதற்கு முதல் அளவுகோல், உடல் முழுவதையும் வைத்துக் கணக்கிடும் பாதிப்பு 30 சதவீதம். எனக்கு வந்தது 14.

போச்சு என்று நினைத்தேன். அது போதாதென்று வக்கீலம்மா மருத்துவமனைக் கோப்பை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு வருகையிலும் ஒரே வரி: வலி பற்றிப் புகார் இல்லை. நான் சொன்னதுதான்! எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லியே பழகிய வாய்.

காப்பாற்றியது சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி. கிழித்த தாள்களை என் மனைவி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பின்பக்கம் பென்சிலில் அவள் எழுத்து: "இரண்டு மாத்திரை. ராத்திரி தூங்கலை." "படியில உட்கார்ந்தே இறங்கினாங்க." "காவடி எடுக்கலை. கோயில் வாசல்லயே நின்னாங்க." மாத்திரைக் கணக்குக்காகத்தான் ஆரம்பித்தாளாம்.

30 வராவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. நீண்ட காலத்துக்குக் கடுமையான செயலிழப்பு என்று மருத்துவர் காரணத்தோடு விளக்கினால் அதையும் பார்ப்பார்கள். எலும்பு மருத்துவர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் எத்தனை கிலோ தூக்குவேன், எவ்வளவு நேரம் நிற்பேன், வெறுங்காலோடு நடக்க முடியுமா என்று முக்கால் மணி நேரம் கேட்டார். அந்த அறிக்கைதான் நின்றது.

எவ்வளவு வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு எலும்புக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் கிடையாது. பழைய தீர்ப்புகளைப் பார்த்து, விலைவாசியைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். என் தொகையை வைத்து உங்கள் தொகையைச் சொல்ல முடியாது. வென்றால்தான் கட்டணம் என்று வக்கீலோடு ஒப்பந்தம் போட்டால், கிடைக்கும் பணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அவர் எடுக்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இனி அந்தக் காலுக்கு ஆகும் சிகிச்சைக்கும் நிதியம் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்திருக்கிறது. போன வாரம் திருகாணி எடுப்பது பற்றிப் பேசப் போனோம். "எப்படி இருக்கிறது?" என்றார் மருத்துவர். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.