இன்னும் கொஞ்சம் மஞ்சள்

அந்த அம்மா தன் பெட்ரூம் சுவருக்குக் கேட்ட மஞ்சள் பெயின்ட்டைத்தான் அடித்துக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடம் இந்தக் கதையை ஆரம்பித்தாலும் "நீ எடுத்துச் சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். எடுத்துச் சொன்னேன்.

அவர் மகன் போனில் சொன்னது சாம்பல் கலந்த நீலம். பெட்ரூமுக்கு நீலம் அடித்தால் மனசு அமைதியாகும், தூக்கம் வரும் என்று எங்கோ படித்திருக்கிறார். நாங்களும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறோம். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். 1979-இல் அமெரிக்காவில் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறை அறைக்கு இளஞ்சிவப்பு அடித்து, கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்துவிட்டது என்றார்கள். பேக்கர்-மில்லர் பிங்க் என்று அந்த நிறத்துக்குப் பெயரே வந்துவிட்டது. பின்னாளில் ஸ்விட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தபோது அப்படி ஒரு விளைவும் தெரியவில்லை. ஆனாலும் இந்த அறைக்கு நீலம் தப்பில்லை. மேற்குப் பார்த்த ஜன்னல், சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும்.

சாம்பிள் அடித்துக் காட்டினேன். "அழுக்குச் சுவர் மாதிரி இருக்கே தம்பி" என்றார் அந்த அம்மா.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. புரை முற்ற முற்றக் கண்ணில் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகி, நீல ஒளியைத் தடுத்துவிடும். எனக்கு மெல்லிய நீலமாகத் தெரிந்தது அவருக்கு மங்கல். வெளிர் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம். அதனால்தான் மஞ்சளுக்கு மாறிய பிறகு ஒவ்வொரு பட்டைக்கும் "இன்னும் கொஞ்சம்" என்றார். சந்தனம் அவருக்கு வெள்ளை. எலுமிச்சை போதவில்லை. கடைசியில் மாம்பழத்தில் வந்து நின்றது. "இதுதான். எங்கம்மா கல்யாணப் புடவை" என்றார். ஷேடு கார்டில் பார்ப்பதைவிடச் சுவரில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும், நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் அடிக்கும். தொழில் தெரிந்தவர்கள் ஒரு படி குறைத்தே அடிப்பார்கள். அதையும் சொன்னேன், கேட்கவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அடிக்கலாமாம்மா? அப்போ கலர் வேற மாதிரி தெரியும்."

"இப்போ இருக்கிற கண்ணுக்கு அடிங்க தம்பி. வரப்போற கண்ணை அப்போ பார்த்துக்கலாம்."

விளையாட்டாகச் சொன்னாரா, ஆபரேஷன் பயத்தில் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "ராத்திரி லைட்டை அணைச்சா எல்லாச் சுவரும் ஒண்ணுதான். நான் பகல்ல படுத்துக் கிடக்கிறவ, எனக்குச் சுவர்தான் துணை" என்றார். இதற்கு மேல் ஒரு பெயின்ட்காரன் என்ன பேச? தூக்கத்துக்கு எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும், அவர் அந்த அறையில் விழித்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் "வேற மாதிரி தெரியும்" என்பது போதுமா? எவ்வளவு வேறாகத் தெரியும் என்று சொன்னேனா? நீங்கள் பார்க்கிற மஞ்சள் எனக்குத் தெரிகிற மஞ்சள் இல்லை என்று, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் என் கண்ணுக்குத் தெரிவதுதான் சரியான நிறம் என்று யார் சொன்னது? டியூப் லைட்டில் ஒன்று, மஞ்சள் பல்பில் ஒன்று என்று எனக்கே மாறித்தான் தெரிகிறது.

ஆபரேஷன் முடிந்து போன் செய்தார். "கண்ணு கூசுது தம்பி. இவ்வளவு பளிச்சுனா அடிச்சீங்க?" தெளிவான செயற்கை லென்ஸ் வைத்த பிறகு தடைபட்டிருந்த நீலம் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வரும். ஓவியர் மோனே 1923-இல் புரை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பி, நிறக் கண்ணாடியெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். மூளை பழகிக்கொள்ள வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதைச் சொல்லிவிட்டு, கூலி வேண்டாம், மாற்றி அடித்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம், அதுவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று வைத்துவிட்டார். ஆறுதலா, குறையா? குரலில் பிடிபடவில்லை.

மகன் விடவில்லை. "வயசானவங்க கேட்டா எதை வேணும்னாலும் அடிச்சிடுவீங்களா?" என்றார். அது யாருடைய அறை என்று திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பேலன்ஸ் பணம் பாக்கி இருந்தது. கேட்டிருந்தாலும் எனக்கு அந்தத் துணிச்சல் பொருந்தியிருக்காது.

இப்போதெல்லாம் பெரியவர்கள் ஷேடு கார்டைத் தொடும்போது, கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆகவில்லை என்றால், அவர்கள் தொட்ட நிறத்துக்கு ஒரு படி குறைத்து, நிறம் கலக்கும் டின்டிங் மெஷினில் நம்பர் போடுகிறேன். அவர்களிடம் சொல்வதில்லை. "நல்லா வந்திருக்கு, நான் சொன்ன கலரேதான்" என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.