தலையசைப்பு ‘ஆம்’ ஆகாது

என் தாயும் தந்தையும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் இருவரும் படித்தவர்கள். ஆகவே பேச்சுத் தமிழோடு கூடவே சைகை மொழியும் எனக்கு வந்துவிட்டது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் ஏழெட்டு வயதிலிருந்தே அவர்களுக்காக நான்தான் பேசினேன். அந்தப் பழக்கமே போதும் என்று எண்ணியிருந்தேன். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற, சைகை மொழிபெயர்ப்புக்கான ஈராண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்த பிறகுதான், அந்தப் பழக்கத்தில் பாதியை விட்டொழிக்க வேண்டும் என்பது விளங்கியது. மருத்துவர் ஐந்து நிமிடம் விளக்கியதை, ‘பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்’ என்று அப்பாவுக்குச் சுருக்கிச் சொல்லி முடித்துவிடுவேன். அவருக்கு எது தெரிய வேண்டும் என்பதை அத்தனை ஆண்டுகளும் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது.

படிப்பு முடிந்த மறு ஆண்டு, திருநெல்வேலிச் சீமையின் ஒரு நீதிமன்றத்தில் சொத்து வழக்கொன்றுக்காக என்னை அழைத்தார்கள். தொழிலில் அறிந்ததை வெளியே சொல்லலாகாது என்பது எங்கள் முதல் ஒழுக்கமாதலால், ஊரையும் சில விவரங்களையும் மாற்றியே எழுதுகிறேன். சாட்சியான அம்மாள் பீடி சுற்றிப் பிழைப்பவர். ஐம்பது வயதைக் கடந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். தகப்பன் வழி நிலத்தில் தன் பங்கை உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்ட விடுதலைப் பத்திரத்தில் அவருடைய கைநாட்டு இருந்தது. அது என்ன பத்திரம் என்று அறியாமலே வைத்தேன் என்பது அவர் தரப்பு. அதுவரை எந்த அலுவலகத்திலும் அவருக்காகப் பேசியவர் அதே உடன்பிறந்தவர்தான்.

முதல் வாய்தாவில், நீதிமன்றத்தின் அனுமதியோடு அம்மாளிடம் சற்று நேரம் பேசிப் பார்த்தேன். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் மிகச் சிலவே அவருக்குத் தெரிந்திருந்தன. அவரிடம் இருந்தவை வீட்டுக்குள் பிறந்து வீட்டுக்குள்ளேயே புழங்கிய சைகைகள். தம்பி என்றால் இடுப்பளவு உயரம். சம்பளம் என்றால் இலையைச் சுருட்டி நூல் கட்டும் விரலசைவும் அதன் பின் ஒரு பணச் சைகையும். என் பயிற்சி அவருக்குப் போதாது என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவள் நீதிபதியின் முன் எழுந்து ‘என்னால் தனியாக இயலாது’ என்று சொல்வது எளிதாக இல்லை, ஆயினும் சொன்னேன். காது கேளாதவரான ஒரு பெரியவரை இடைநிலை மொழிபெயர்ப்பாளராக அமர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாய்தாவில் நாங்கள் இருவரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டோம். கேள்வியை நான் இந்திய சைகை மொழியில் பெரியவருக்குத் தருவேன். அவர் அதை நடித்தும் பொருள்களைத் தொட்டுக் காட்டியும் அம்மாளிடம் சேர்ப்பார். பதில் அதே வழியில் திரும்பி வரும். வாய்பேச இயலாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ துணை செய்ய வேண்டும் என்றும், வாக்குமூலத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்றும் அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 125ஆம் பிரிவு.

முதல் கேள்விக்கே இடறல் வந்தது. பெரியவர் கேள்வியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மாள் தலையை மேலும் கீழும் அசைத்தார். கிளார்க் அதை ‘ஆம்’ என்று எழுதப் போனார். ‘நீ காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்பதற்கும் காது கேளாதோர் அப்படித்தான் தலையசைப்பார்கள். நாம் ‘ம்’ கொட்டுவது போல. இதை நீதிபதியிடம் விளக்கி, கேள்வி முடிந்து கைகள் கீழே இறங்கிய பிறகு வரும் பதிலையே பதியுமாறு வேண்டினேன். அவர் ஏற்றுக்கொண்டார். இதற்கு முன் எத்தனை அலுவலகங்களில் இந்தத் தலையசைப்பு சம்மதமாக எழுதப்பட்டிருக்கும் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

பிறகு கைநாட்டுக்கு வந்தார்கள். ‘கைநாட்டு வைத்தீர்களா?’ என்று வாயால் கேட்டால் அதில் விடை ஒளிந்திருக்காது. சைகையிலோ, தன் கட்டைவிரலைத் தானே தாளில் ஊன்றுவது போலக் காட்ட வேண்டியிருக்கிறது. காட்டிவிட்டால் பாதி விடையை நாமே ஊட்டியதாகிவிடும். ஆகவே, தானே ஊன்றுவது, பிறர் கையைப் பிடித்து ஊன்றவைப்பது, விரல் தாளிலேயே படாதது என்று மூன்றையும் ஒரே சீராகக் காட்டிக் கேட்க அனுமதி பெற்றோம். அம்மாள் மூன்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, அவருடைய கட்டைவிரலை மேசைமேல் வைத்து ஒருமுறை உருட்டினார்.

எந்த நாளில் என்பதுதான் கடினமாக இருந்தது. அவருக்குத் தேதி இல்லை. மாதப் பெயரும் இல்லை. இரு கைகளாலும் வடம் பிடித்து இழுத்துக் காட்டினார், அண்ணாந்து பார்த்தார், முகத்தில் தூறல் தெறிப்பதாக விரல் நுனிகளால் கன்னத்தைத் தட்டினார். நெல்லையில் பிறந்தவளுக்கு அது சாரல் காலத்தில் ஓடும் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் என்று தோன்றாமல் இருக்குமா? நாவின் நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டு, ‘தேர் வடம் இழுத்தார்கள், தூறல் இருந்தது’ என்று மட்டும் சொன்னேன். திருச்செந்தூரில் ஆவணியிலும் மாசியிலும் தேர் ஓடுகிறது. எந்தத் தேர் என்று கேட்டுத் தெளிவது வழக்கறிஞர்களின் வேலை. அவர்கள் கேட்டார்கள்; கோபுரப் படங்களைக் காட்டினார்கள்; அவர் நெல்லையப்பர் கோயிலைத் தொட்டார்.

குறுக்கு விசாரணையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘நீங்கள் விரும்பித்தான் எழுதிக் கொடுத்தீர்கள் என்றால் சரிதானே?’ என்ற நீதிமன்றத் தமிழை அப்படியே கையில் கொண்டுவர முடியாது. அதைப் பிரித்து, முதலில் கூற்றைக் காட்டி, பின்பு ‘உண்மையா, பொய்யா?’ என்று கேட்டோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். வழக்கறிஞரின் சொற்கள் அப்படியே பதிவில் இருக்கும், வீடியோவும் இருக்கிறது என்று கூறி, நீதிபதி எங்களைத் தொடர அனுமதித்தார். இந்த வேலையைத் தொடர்ந்து செய்தால் பிழை கூடும் என்பதால், இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இடைவேளை கேட்டு வாங்கினேன்.

மாலையில் வாக்குமூலத்தை அம்மாளுக்கு வரி வரியாகத் திருப்பிக் காட்டினோம். ‘அது என்ன பத்திரம் என்று எனக்குத் தெரியாது’ என்ற வரியில் அவர் கையை உயர்த்தித் தடுத்தார். தன் காதைத் தொட்டு, பிறகு சுற்றியிருந்த ஒவ்வொருவரையும் சுட்டி, வாயருகே விரல்களை மூடினார். கிளார்க் அதை அடித்துவிட்டு, ‘அது என்ன பத்திரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்று எழுதினார். அதையும் காட்டினோம். அவர் பக்கங்களைத் தானே புரட்டி விரல்விட்டு எண்ணினார். எல்லாம் முடிந்துவிட்டதா என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டார். அதன் பிறகே மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக் கட்டைவிரலை ஊன்றினார்.