பேம்ஸ்டரில் மூன்று ஞாயிறுகள்

முதல் ஞாயிறு, மார்ச் கடைசி. நெதர்லாந்தின் பர்மரெண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, பேம்ஸ்டர் போல்டருக்குள் சைக்கிளை விட்டேன். போல்டர் என்றால் சுற்றிக் கரைகட்டி, நீரை வெளியேற்றி வைத்திருக்கும் தாழ்நிலம். 1612-இல் ஒரு பெரிய ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய நிலம் இது. 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நேர்ச்சாலை, புல்வெளி, மாடு, மறுபடி நேர்ச்சாலை. இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிட்டது. திரும்பும்போது எதிர்காற்று வேறு. 12 கி.மீ. வர ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது.

வீட்டில் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் தப்பு புரிந்தது. நான் சாலையைப் பின்தொடர்ந்திருக்கிறேன். பின்தொடர வேண்டியது தண்ணீரை.

இரண்டாவது ஞாயிறு, நடுவில் நுழையாமல், போல்டரைச் சுற்றி ஓடும் கரைமேலேயே போனேன். முழுச் சுற்று கிட்டத்தட்ட 40 கி.மீ.; பாதிதான் திட்டம். சைக்கிள் பாதைகளின் சந்திப்புகளில் பச்சை எழுத்தில் எண் போட்ட வழிகாட்டிப் பலகைகள் இருக்கும். எண்களை வரிசையாகத் துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டேன். போனை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் சுற்றுக்கால்வாய், தண்ணீர் என் காலுக்குச் சற்றுக் கீழே. மறுபக்கம் நிலம் அப்படியே இறங்கிக் கிடக்கிறது. அங்கே மாடு மேய்கிற இடம் கடல்மட்டத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர் கீழே! படகு மேலே போகிறது, பண்ணை கீழே இருக்கிறது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 1610-இல் ஏரி வற்றும் தறுவாயில் புயலில் கடற்கரை அணை உடைந்து மறுபடி வெள்ளம் புகுந்ததாம். அப்புறம்தான் இந்தக் கரையை இன்னும் உயர்த்தினார்கள். 43 காற்றாலைகள் இறைத்து முடித்தன. அந்தக் கரைமேல் உட்கார்ந்து இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

கீழே தெரியும் பண்ணைவீடுகளின் கூரை பிரமிடு வடிவம். நடுவில் வைக்கோல், சுற்றிலும் மனிதரும் மாடும், எல்லாம் ஒரே கூரைக்கடியில்.

மூன்றாவது ஞாயிறு, மே. டி ரைப். பேம்ஸ்டர் காற்றாலை வேலைகளில் ஈடுபட்ட லேக்வாட்டர் 1575-இல் பிறந்த ஊர். இதற்கும் ஸ்கெர்மர் போல்டருக்கும் நடுவில் இருப்பது ஐலண்ட்ஸ்போல்டர்; ஏரியாக இருந்து வற்றியதல்ல, பழைய கரிச்சேற்று நிலம். வாய்க்கால்கள் நிறைய. பறவைகளுக்கு அதுதான் சொர்க்கம். ஆள்காட்டி ஒன்று என் தலைக்குமேல் சுற்றிச்சுற்றிக் கத்தியது. நம்மூர் ஆள்காட்டிக்குச் சொந்தக்கார இனம், கொண்டை வைத்தது. அதன் குரலைக் கேட்டே டச்சுக்காரர் ‘கீவிட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கருவால் மூக்கன் என்ற பறவைக்கும் அப்படித்தான், ‘க்ருட்டோ’. குஞ்சுகள் ஓடும் புல்லைச் சில விவசாயிகள் ஜூன் நடுவரை அறுப்பதில்லை. அந்தப் பொறுமைக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

கடைசியாக ஸ்கெர்மர்ஹோர்ன் என்ற ஊர். அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பது அழகுக்காக அல்ல. ஒரே ஆலையால் அவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்ற முடியாது. கீழ் ஆலை ஏற்றியதை அடுத்தது வாங்கி மேலே தள்ளும். 1635-இல் வற்றிய ஸ்கெர்மருக்கு 52 ஆலைகள் இருந்தன, இன்று 11. அருங்காட்சியகமாக்கிய ஆலைக்குள் ஏறினேன். அலமாரி மாதிரி சுவருக்குள் படுக்கை, ஆலைக்காரர் குடும்பம் குடியிருந்த இடம்.

சரி, கரையில் இன்னும் பாதிச் சுற்று பாக்கி. இந்த முறை முதலில் எதிர்காற்றில் போய், களைத்தபின் காற்றோடு திரும்பப் போகிறேன். எண் சீட்டு எழுதியாகிவிட்டது.